ஸ்டைனுன், காண்க: ஸ்டைனுன்

ஐஸ்லாந்தில் தொலைபேசிப் புத்தகத்தைக்கூட
முதற்பெயர்ப்படிதான் அடுக்குவோம்.
அப்பன் பெயர் பின்னால் ஆடிவரும் வால்.
ஆகவே, கிராவிக் வட்டாரப் பெருமக்கள் அகராதியில்
எட்டு மாத வயிற்றோடு நான்
ஸ்டைனுனுக்கு வந்து சேர்ந்தபோது
ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

ஆளுக்கு நான்கு வரி.
ஐந்தாவது கேட்டால் தோர்கில்ஸ்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார்.
அதுதான் பதில்.

முதலாமவள், பக்கத்துப் பண்ணைக் கன்று செத்ததற்குக்
கண்ணூறு வைத்தாளென்று கூண்டில் ஏற்றப்பட்டவள்.
மூன்று நாள் விசாரணை.
அவள் பேசியதாக எழுத்தில் இருப்பது
ஒரே சொல்: இல்லை.
அதை நான்கு வரியாக்க எனக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது.

படகுத் தலைவி ஸ்டைனுன்
பதினான்கு பருவமும் ஓர் ஆள் குறையாமல் கரை சேர்த்தாள்.
தொலைத்தது ஒரு நங்கூரம்.
ஊர்க்கணக்கில் நங்கூரத்துக்கு மட்டும் முழுப்பக்கம்.

இன்னொருத்தி பாறையில் ஒட்டிய சாம்பல் பாசியைச் சுரண்டிக்
காகிதத்தில் மடித்துக் கோபன்ஹேகனுக்கு அனுப்பினாள்.
பாசிக்குப் பேராசிரியர் பெயரை வைத்தார்கள்.
அவர் பெயர் இங்கே எதற்கு?

வெண்ணெய்க்குள் கல் வைத்து விற்றவளைச் சேர்க்கலாமா
என்று தோர்கில்ஸ் தயங்கினார்.
"ஸ்டைன் என்றாலே கல்தானே, உன் என்றால் அலை,
பாதிப் பெயரைத்தான் விற்றிருக்கிறாள்" என்றேன்.
சிரித்துவிட்டு இரண்டு வரி கொடுத்தார்.

மருத்துவச்சி, பனிமேடு தாண்டிப் போய்
அறுநூற்றுப் பன்னிரண்டு பிரசவம் பார்த்தவள்.
நன்றிக்கடனாக நாற்பத்தொரு பெண்குழந்தைக்கு
அவள் பெயரையே வைத்து
என் வேலையைக் கெடுத்திருந்தார்கள்.

மின்சாரம் வேண்டாமென்று ஊர்மன்றத்தில்
தனியாகக் கைதூக்கிய ஸ்டைனுன்,
முதல் விளக்கின் கீழ் எடுத்த படத்தில்
முதல் ஆளாக நிற்கிறாள், கண் கூசி.

ஏழாமவளிடம்தான் சிக்கினேன்.
இல்லுகியின் மகள். ஒன்பது கோடையும்
ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி
இந்தக் கடற்கழியின் ஆழம் அளந்தவள்.
திருச்சபைப் பதிவேட்டில் அவள்
பிறந்த மாதமே புதைக்கப்பட்டிருக்கிறாள்.
அதற்குப் பின் அறுபத்தேழு வயதுவரை வாழ்ந்திருக்கிறாள்.

இரண்டு பக்கம் புரட்டினேன்.
அடுத்த வருடம் அதே வீடு, அதே தாய்,
அதே பெயர், புது மையில்.
மூத்தவள் பதினோரு நாள் போட்டுக் கழற்றிய பெயர்
அழுக்குக்கூடப் படாமல் இளையவளுக்கு வந்திருக்கிறது.

எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு:
செத்தவர்கள் பிள்ளைத்தாய்ச்சியின் கனவில் வந்து
பெயரைக் கேட்டு நிற்பார்கள்.
ஏழு பேரில் யாராவது வருவார்களென்று
நானும் காத்திருந்தேன். இத்தனை எழுதியிருக்கிறேனே.
படகுக்காரி வருவாளென்று ஓர் ஆசை.
வந்தது ஒரு தொட்டில்.
உள்ளே அழுகை இல்லை, முகம் இல்லை.
போர்வை மட்டும்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் தோர்கில்ஸிடம் எட்டாவதாக ஒரு வரி கேட்டேன்.
"என்ன சாதித்தாள்?"
"பதினோரு நாள் மூச்சு விட்டாள்."
கண்ணாடியைக் கழற்றினார்.
துடைத்தார்.
திரும்ப மாட்டிக்கொண்டார்.

அச்சில் வந்தது இவ்வளவுதான்:
ஸ்டைனுன், இல்லுகி மகள், 1841–1841. காண்க: தங்கை.

எனக்குப் பிறந்தது பையன்.
ஸ்டைன் என்று வைத்திருக்கிறோம், கல் மட்டும்.
அலைப் பாதியை
இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.